கோட்டைகளைக் கண்டு வந்தோம்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. வாழும் ஊரின் கடைகளை அறிவார்கள், அலுவலகங்களை அறிவார்கள், அரிசி எங்கே நயமாகக் கிடைக்கும், நல்லெண்ணெய் எங்கே கலப்பின்றிக் கிடைக்கும் என்பனவற்றையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். அவ்வூரின் பழங்கதையை மட்டும் அறியார்கள். அது பிறருடைய கதை என்று எண்ணி ஒதுங்கிவிடுவது இயல்பு. திருவனந்தபுரத்துச் சாலையிலே வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. விடுமுறை வந்தால் மிருகக்காட்சிசாலை, சங்குமுகம் கடற்கரை, கோவளம். பணம் சற்றுக் கையில் இருந்தால் கன்னியாகுமரி. இவற்றோடு நம் உலாக்கள் முடிந்து விடுகின்றன.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் நிகழ்ந்த ஒன்று இதைப் பற்றிச் சிந்திக்கச் செய்தது. ஒரு வீட்டுச் சிறுவன் பள்ளியிலிருந்து முகம் வாடி வந்தான். உடன் படிப்பவன் ஒருவன் அவனைப் "பாண்டி" என்று கேலி செய்து, "உன் ஊருக்குப் போ" என்றானாம். சிறுவனுக்குச் சினத்தைக் காட்டிலும் குழப்பமே மிகுதி. "எந்த ஊருக்குப் பாட்டா போகவேண்டும்? நான் இங்கேதானே பிறந்தேன்?" என்று தன் பாட்டனாரைக் கேட்டான். பாட்டனார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இளமையிலேயே வந்து சாலையில் பலசரக்குக் கடை நடத்தியவர். அவர் பேரனுக்கு விடை ஒன்றும் கூறவில்லை. "ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா மக்கா, ஒரு சுவரைக் காட்டுகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சுவரில் தொடங்கிய நடை, நான்கு வீட்டார் கூடிப் பல ஞாயிறுகளில் சென்று வந்த பயணமாக வளர்ந்தது. கண்டவற்றையும் அவற்றைப் பற்றிப் படித்தறிந்தவற்றையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு இங்கே எடுத்துரைக்கிறோம்.

வாசலிலேயே ஒரு கோட்டை

கிழக்கே கோட்டை என்னும் பெயரை நாள்தோறும் பலமுறை சொல்லுகிறோம். பஸ் நடத்துநர் கூவுகிறார், ஆட்டோக்காரர் கேட்கிறார். ஆயினும் அங்கே நின்று மதிலை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. ஸ்ரீ பத்மநாபசுவாமி திருக்கோயிலையும், அதையடுத்த அரண்மனைகளையும், தெருக்களையும் வளைத்து எழுந்த மதில் அது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில் தொடங்கிய பணி, அவருக்குப் பின் 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில் நிறைவெய்தியது. இவரையே தர்மராஜா என்று மக்கள் போற்றுகின்றனர்.

சாலைக் கடைத்தெருவும் இந்த தர்மராஜா காலத்ததே. அவருடைய திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் கோட்டை வாசலுக்குக் கிழக்கே இக்கடைத்தெருவை அமைத்தார் என்று திருவிதாங்கூர் வரலாறு கூறுகிறது. ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. ஊரின் உள்ளே அரசரும் ஆலயமும். வாசலுக்கு வெளியே வாணிகம். நாஞ்சில் நாட்டு வயல்களே அந்நாளில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். தெற்கிலிருந்து வந்த நெல்லும் பருப்பும் துணியும் மாட்டு வண்டிகளில் ஏறி இத்திசையாகவே வந்து சேர்ந்தன.

பாட்டனார் மதிலைத் தடவிக் காட்டிப் பேரனிடம் சொன்னது இதுதான்: "இந்தக் கோட்டையும் நம் கடைத்தெருவும் கூடப் பிறந்தவை. உள்ளே இருந்தவர்கள் உண்ட சோறு இந்தத் தெரு வழியாகத்தான் போயிற்று. அதைச் சுமந்து வந்தவர்களில் நம்மவர்களும் உண்டு."

கிழக்கு வாசலைக் கடந்து உள்ளே சென்றால் பத்ம தீர்த்தக் குளக்கரையில் மேத்தன் மணி என்னும் பழைய கடிகாரம் இருக்கிறது. தாடிக்காரர் ஒருவர் முகம். இரு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். குழந்தைகளை அங்கிருந்து நகர்த்துவது அரிது. அடுத்துள்ள குதிரை மாளிகை, சங்கீதத்தில் வல்லவரான சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. கூரையின் கீழ் வரிசையாக 122 மரக் குதிரைகள் செதுக்கப்பட்டுள்ளமையால் அப்பெயர் பெற்றது. மதிலின் மற்றொரு பக்கத்தில் வெட்டிமுறிச்ச கோட்டை இருக்கிறது. மதிலை வெட்டி வழி திறந்த இடம் என்பது பெயரிலேயே விளங்கும்.

கோட்டையின் சிறப்பைச் சொல்லுமிடத்து அதன் மறுபக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். ஊழியம் என்ற பெயரில் கூலியின்றி வேலை வாங்கும் முறை அந்நாளைய திருவிதாங்கூரில் நிலவியது. தாழ்த்தப்பட்ட மக்கள் கல்லும் மண்ணும் சுமந்த நாட்டில், அவர்கள் ஆலயத்தினுள் அடியெடுத்து வைக்க 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேச விளம்பரம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மதில் பகைவரை மட்டும் வெளியே நிறுத்தவில்லை என்பதை எங்கள் பிள்ளைகள் அங்கேயே கேட்டறிந்தனர்.

வடக்கே அஞ்சுதெங்கு

இரண்டாம் ஞாயிறு வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். கொல்லம் செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏறிக் கடைக்காவூர் நிலையத்தில் இறங்கினால் கடற்கரையிலுள்ள அஞ்சுதெங்குக்கு வாகனம் கிடைக்கிறது. ரயில் பணியிலுள்ள எங்களுக்கு இந்தப் பாதையின் மீது தனிப் பற்று உண்டு. 1918-இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துச் சாக்கை வரை வந்த வண்டி, 1931-இல்தான் தம்பானூருக்கு நீண்டது. நாம் இன்று ஏறி இறங்கும் சென்ட்ரல் நிலையம் அப்போது எழுந்ததே.

அஞ்சுதெங்குக் கோட்டை சிறியது. சதுரமாகக் கட்டி, மூலைகளில் பீரங்கி மேடைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே புல் தரை. அருகே கலங்கரை விளக்கம். அதற்கு அப்பால் மீனவர் குடியிருப்பும் அலைகடலும். ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி பெற்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே 1684-இல் பண்டகசாலை தொடங்கினர். 1695-இல் கோட்டையை முடித்தனர். மிளகுதான் அவர்களை ஈர்த்தது.

1721-இல் நடந்ததைப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். கம்பெனி அதிகாரிகளின் அடாவடியால் மக்கள் மனம் கொதித்திருந்த வேளையில், ராணிக்கு ஆண்டுதோறும் அளிக்கும் காணிக்கையை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 140 ஆங்கிலேயர் ஆற்றிங்கலுக்கு ஊர்வலமாகச் சென்றனர். சென்றவர்கள் தாக்கப்பட்டு மாண்டனர். பின்னர் கோட்டையை மக்கள் ஆறு மாதம் முற்றுகையிட்டனர். தலைச்சேரியிலிருந்து துணைப்படை வந்த பின்னரே முற்றுகை நீங்கியது. பிளாசிப் போர் 1757-இல் நடந்தது. அதற்கு 36 ஆண்டுகள் முன்னரே ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்து எழுந்த ஊர் இவ்வளவு அருகில் இருக்கிறது. நமக்கு அது ஒரு ரயில் நிலையத்தின் அப்பால் உள்ள கடற்கரைக் கிராமம் மட்டுமே.

அந்தக் கோட்டையிலே பிறந்த இருவரை உலகம் அறியும். ஆங்கிலேயரின் இந்தியப் போர்களைப் பற்றி வரலாறு எழுதிய ராபர்ட் ஓர்ம் 1728-இல் அஞ்சுதெங்கில் பிறந்தார். லாரன்ஸ் ஸ்டெர்ன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் அன்புக்குரியவராய் இலக்கியத்தில் இடம் பெற்ற எலிசா டிரேப்பரும் 1744-இல் அங்கேதான் பிறந்தார். எங்கோ பிறந்து எங்கோ வாழ்வது நமக்கு மட்டும் விதித்த விதி அன்று என்று எண்ணிக் கொண்டோம்.

தெற்கே பத்மநாபபுரம்

மூன்றாம் ஞாயிறு தெற்கே. திருவனந்தபுரம் சென்ட்ரலில் நாகர்கோவில் செல்லும் வண்டியைப் பிடித்தோம். நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை என்று ஒவ்வொரு நிலையமாகப் பிள்ளைகள் பெயர்ப்பலகையைப் படித்துக் கொண்டு வந்தார்கள். பாறசாலை தாண்டியதும் பலகையில் தமிழ் முன்னே வந்து நிற்பதைக் கண்டு ஒரு சிறுமி கைகொட்டினாள். 1979-இல் இந்த இருப்புப்பாதை திறக்கப்படும் வரை நம் முன்னோர் பஸ்ஸிலேயே சென்று வந்தனர். இரணியலில் இறங்கித் தக்கலை சென்றால் பத்மநாபபுரம் அருகில் இருக்கிறது. சாலை வழியே செல்வோர்க்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

வேளிமலை அடிவாரத்தில், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கருங்கல் மதிலின் நடுவே பழைய அரண்மனை நிற்கிறது. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை, ஆட்சி இங்கிருந்தே நடந்தது. அரண்மனையின் பகுதிகள் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மார்த்தாண்ட வர்மா அதைப் பெருக்கிக் கட்டி, 1750-இல் நாட்டையே ஸ்ரீ பத்மநாபனுக்குக் காணிக்கையாக்கி, ஊருக்கும் அப்பெயரைச் சூட்டினார்.

பளிங்கும் தங்கமும் தேடிச் செல்வோர் ஏமாற்றமடைவர். எல்லாம் மரம். தச்சர்களின் கைவண்ணமே அங்கு செல்வம். கருநிறத் தரை கண்ணாடிபோல் மின்னுகிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைக் குழைத்து இட்ட தரை என்கிறார்கள். உப்பரிகை மாளிகையில் மூலிகை மரங்களால் செய்த கட்டில் இருக்கிறது. ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணத்தக்க ஊட்டுப்புரை இருக்கிறது. எங்களோடு வந்த அத்தை ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை பேருக்கு யார் இலை எடுத்தார்களோ!" என்றார். அரசர் பெயர்கள் நூல்களில் உள்ளன. இலை எடுத்தவர் பெயர் எங்கும் இல்லை.

இந்த அரண்மனையின் இன்றைய நிலை நம்மைப் போன்றோர்க்கு ஒரு பாடம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பயன் அது. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டினது; அரண்மனையைப் பேணி வருவதோ கேரள அரசின் தொல்பொருள் துறை. எல்லைக் கோடு மாறியும், பராமரிப்பு விடுபடவில்லை.

ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவது நாம் அறிந்ததே. கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்று அந்தச் சரசுவதியைப் பற்றி மரபு கூறுகிறது. உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறிய பிறகே ஊர்வலம் புறப்படுகிறது. களியிக்காவிளை எல்லையில் இரு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்துகின்றனர். திருவனந்தபுரம் வந்ததும் சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் தங்குகிறாள். குமாரசுவாமி தங்குவது நம் சாலையிலுள்ள ஆரியசாலைக் கோயிலில். முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலில். விருந்தினராய் வரும் தெய்வம் எந்தத் தெருவில் தங்குகிறதோ அந்தத் தெருவாரை வேற்றூரார் என்று யார் சொல்ல இயலும்?

உதயகிரியில் உறங்கும் அயலார்

பத்மநாபபுரத்துக்கு அருகே, நாகர்கோவில் நெடுஞ்சாலையோரத்தில் புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது உதயகிரிக் கோட்டை. தனிக் குன்றொன்றை வளைத்து, ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பில் பெருங்கற்களால் எழுப்பிய அரண். பழைய மண் கோட்டை இருந்த இடத்தில் மார்த்தாண்ட வர்மா 1741-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல் கோட்டை கட்டினார். பீரங்கி வார்க்கும் உலையும் இங்கே இருந்தது. இன்று தமிழ்நாடு வனத்துறை இதனுள் பல்லுயிர்ப் பூங்கா அமைத்திருக்கிறது. நிழலில் கட்டுச்சோற்று மூட்டைகளை அவிழ்த்தோம். புளியோதரையும் எள்ளுத் துவையலும். வழியில் வாங்கிய மட்டிப்பழம் கடைசியில்.

உண்டபின் பாட்டனார் பிள்ளைகளைப் பாழடைந்த சிறு கிறிஸ்தவ ஆலயம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருக்கிறது யூஸ்டேஷியஸ் டி லனாய் என்பவரின் கல்லறை.

ஐரோப்பாவில் பிளாண்டர்ஸ் என்னும் சீமை உண்டு. இன்று அதன் பெரும்பகுதி பெல்ஜியத்தில் அடங்கும். டி லனாய் பழைய பிளாண்டர்ஸ் வட்டாரத்தவர் என்றும், பிறந்த ஊர் இன்று பிரான்சிலுள்ள ஆராஸ் என்றும் கூறுவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து கடல் கடந்து வந்தவர். மிளகு வாணிகத்தைத் தன் கைப்பிடியில் வைத்திருக்க விரும்பிய அக்கம்பெனி குளச்சலில் படையை இறக்கியது. 1741 ஆகஸ்டு 10-ஆம் நாள் அங்கே டச்சுப்படை தோல்வியுற்றது. ஆசிய அரசொன்று ஐரோப்பியக் கம்பெனிப் படையொன்றை முறியடித்த பெருநிகழ்ச்சி அது. குளச்சலில் அதன் நினைவாக வெற்றித்தூண் நிற்கிறது. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையோடு டச்சுக்காரர் திருவிதாங்கூர் விவகாரங்களிலிருந்து ஒதுங்கினர்.

பகைவர் படையிலிருந்து தம் கைக்கு வந்த டி லனாயை மார்த்தாண்ட வர்மா என்ன செய்தார்? வேலை கொடுத்தார். படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். டி லனாய் படிப்படியாக உயர்ந்து படைத்தலைவரானார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தனர். உதயகிரி, வட்டக்கோட்டை ஆகிய அரண்களிலும், வடக்கே கொச்சி எல்லையில் எழுந்த நெடுங்கோட்டையிலும் அவர் கைத்திறம் உண்டு. 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் படை நெடுங்கோட்டையைத் தாக்கியபோது முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அப்போது திவானாயிருந்து போரை நடத்தியவர் நம் சாலையை அமைத்த கேசவதாசரே. டி லனாய் அதைக் காண இல்லை. ஏறத்தாழ 36 ஆண்டு ஊழியத்துக்குப் பின் 1777 ஜூன் 1-ஆம் நாள் உதயகிரியில் உயிர் நீத்தார். அவருடைய மகன் யோவான் அதற்கு முன்பே, 1765-இல், களக்காட்டுப் போரில் காயமுற்று மாண்டான். தந்தை, தாய், மகன் மூவரும் அதே இடத்தில் அடக்கமாகியுள்ளனர்.

கல்லறைக் கல்லில் இரண்டு மொழிகளில் எழுத்துகள் உள்ளன. ஒன்று லத்தீன், மற்றொன்று தமிழ். சாலையிலிருந்து வந்த அந்தச் சிறுவன் மண்டியிட்டு, தேய்ந்து போன தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டிப் படிக்கலானான். சில எழுத்துகள் விளங்கின; சில விளங்கவில்லை. சற்று நேரங்கழித்து அவன் பாட்டனாரிடம், "இவரை யாரும் ஊருக்குப் போ என்று சொல்லவில்லையா?" என்று கேட்டான்.

பெரியவர்கள் எளிதில் விடை சொல்லிவிடக் கூடிய கேள்வி அன்று அது. அரசருக்குப் பயன்பட்டவரை அரசர் போற்றினார். அதனாலேயே எல்லோரும் போற்றப்பட்டனர் என்று கொள்ளலாகாது. இதே கோட்டை வேலைகளோடு தொடர்புடைய மற்றொருவரின் கதையும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்ட பிள்ளை, டி லனாயோடு பழகிக் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறைப்பட்டுத் துன்பங்கள் பல உற்று, 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். கடல் கடந்து வந்த அயலார் இம்மண்ணில் தலைவரானார். இம்மண்ணிலேயே பிறந்தவர் அயலாராக்கப்பட்டார். ஒரே அரசர், ஒரே காலம். யார் ஊரார், யார் அயலார் என்பது பிறப்பினால் மட்டும் முடிவாவதில்லை. அதிகாரமும் பயனும் அச்சமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இதை எங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்கேற்ற சொற்களில் சொல்ல முயன்றோம். சிறுவன் கேட்டுக்கொண்டான். திரும்பும்போது அந்தக் கல்லின் மீது கிடந்த சருகுகளை அவனே கையால் தள்ளிச் சுத்தம் செய்தான்.

கடலோரத்து வட்டக்கோட்டை

கன்னியாகுமரி வரை செல்லும் அன்பர்கள் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் வடகிழக்கே உள்ள வட்டக்கோட்டையையும் காணலாம். பெயர் வட்டம், வடிவமோ ஏறத்தாழ நாற்கரம். கருங்கல் மதிலின் மேல் ஏறி நின்றால் ஒருபுறம் கடல். மறுபுறம் தென்னந்தோப்புகளும், அவற்றின் பின்னே மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிச் சிகரங்களும். மத்தியத் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் செம்மையாக இருக்கிறது. கல்லில் செதுக்கிய மீன் சின்னங்களைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்தார்கள். பாண்டியரின் சின்னம் மீன். "பாண்டி" என்பது வசைச்சொல் ஆவதற்கு முன் ஓர் அரச குலத்தின் பெயராக இருந்தது என்பதை அங்கே நினைவூட்டுதல் எளிதாயிற்று.

கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். திருவிதாங்கூரின் தென்வாசல் என்று அதைச் சொல்ல வேண்டும். அங்கே எல்லை அரண்கள் இருந்தன. வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை இக்கணவாயை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் அதன்பின் அதன் வசமாயின. கோட்டைகள் எவ்வளவு வலியவையாயினும் ஒரு வாசல் உடைந்தால் போதும். நாஞ்சில் நாட்டு நெல் வண்டியும் அதே கணவாயின் பாதையைத்தான் பார்த்தது. பீரங்கி வண்டியும் அதையே பார்த்தது.

கெண்ட் நகரத்தார் செய்தது

டி லனாயின் சீமையாகிய பிளாண்டர்ஸில் கெண்ட் என்னும் நகரம் இருக்கிறது. அதன் நடுவே கிராவன்ஸ்டீன் என்ற கோட்டை. 1180-இல் அல்சாஸ் பிலிப் என்னும் பிரபு கட்டியது. பிரபுக்கள் போனபின் அது நீதிமன்றமாயிற்று, சிறையாயிற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாலையாகவும் மாறியது. சுவரோடு சுவராகத் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. நகரத்தார் விட்டுவிடவில்லை. சிறிது சிறிதாக விலைக்கு வாங்கிப் பழுது பார்த்து, 1907-இல் பொதுமக்கள் காணத் திறந்துவிட்டனர். அதன்பின் அது எவ்வளவு தூரம் மக்களுடையதாயிற்று என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1949 நவம்பரில் பீர் விலை ஏறியதை எதிர்த்துக் கல்லூரி மாணவர்கள் கோட்டைக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு, வெளியே நின்ற போலீசார் மீது அழுகிய பழங்களை எறிந்தார்களாம்!

நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கிழக்கே கோட்டை மதிலில் ஆலங்கன்று வேர்விடும் இடத்தைக் கண்டால் உரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். மதிலோரத்தில் குப்பை கொட்டுவோரைத் தடுக்கலாம். உதயகிரியிலும் அஞ்சுதெங்கிலும் கல்லின் மீது தம் பெயரையும் காதலி பெயரையும் கீறி வைத்திருப்போர் பலர். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவனும் சேராதபடி பார்த்துக் கொள்ளலாம். இருநூற்றைம்பது ஆண்டு நின்ற கல்லுக்கு நம்முடைய கையெழுத்து வேண்டியதில்லை.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆகையால் ஞாயிறே நம்மைப் போன்ற அலுவலகத்தார்க்கும் கடைக்காரர்க்கும் ஏற்றது. காலை முதல் வண்டியிலேயே புறப்படுதல் நலம். பத்மநாபபுரமும் உதயகிரியும் ஒரே நாளில் முடியும். வட்டக்கோட்டையையும் சேர்த்தால் முதியோர்க்குக் களைப்பு மிகும். அதைத் தனி நாளாக வைத்துக் கொள்க. அஞ்சுதெங்குக்கு அரை நாள் போதும்; ஆனால் நிழல் குறைவு, குடையும் குடிநீரும் கட்டாயம். பாசஞ்சர் வண்டியில் கட்டணம் மிகக் குறைவு. சோற்று மூட்டை வீட்டிலிருந்து வந்துவிட்டால் ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு சினிமாக் கொட்டகையில் ஆவதைவிட மிகாது. அரண்மனையில் மரத்தரை ஏறும் படிகள் குறுகலானவை. முழங்கால் வலி உள்ள பெரியோர் கீழ்த்தளத்தோடு நிறுத்திக் கொள்வது நன்று. பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, கண்ட கல்வெட்டுகளின் எழுத்தை வரைந்து வரச் செய்தால் பொழுதும் போகும், பயனும் உண்டு.

புறப்படும் முன் எங்கள் நால்வர் வீட்டிலும் ஒரே முணுமுணுப்பு: "ஏன் அண்ணாச்சி, இடிந்த சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" சென்று வந்த பின் அதே வீட்டார் அடுத்த பயணம் எப்போது என்று கேட்கின்றனர். ஆகவே சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறையேனும், புரட்டாசியில் நவராத்திரி ஊர்வலம் வந்து சேர்வதற்கு முன்பாக, சங்கக் குடும்பங்கள் ஒன்றுகூடிப் பத்மநாபபுரமும் உதயகிரியும் சென்றுவர ஏற்பாடு செய்தல் வேண்டும். தக்கலை, நாகர்கோவில், செங்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறிய முதியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். வண்டியில் பிள்ளைகளை அவர்கள் அருகே உட்கார வையுங்கள். நூலில் இல்லாதவற்றை அவர்கள் சொல்வார்கள். வழி முழுவதும் கேட்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சொல்வதற்குரியவர்களின் வயதுதான் நமக்காகக் காத்திராது.